ஐயாவின் முதுகு

சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு முப்பத்தாறு. சீடர் குருவை "ரீச்சர்" என்று கூப்பிடுவார். குரு சீடரை "அங்கிள்" என்பாள். இதில் யாருக்காவது சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம். சீடருக்கே முதல் நாள் சிரிப்பு வந்தது.

இடம் ஜேர்மனி, ரூர் ஆற்றை ஒட்டிய ஒரு பழைய சுரங்க நகரம். குருவின் பெயர் சிந்துஜா. ஏழு வயதில் தாய் தகப்பனோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். மரப்பலகையில் படம் வெட்டி, மை பூசி, தாளில் அச்செடுக்கும் கலையை இந்த நாட்டிலேயே படித்தவள். மூடிக் கிடந்த இறைச்சிக்கடை ஒன்றைப் பட்டறையாக்கியிருந்தாள். சுவர் முழுக்க வெள்ளை ஓடு. ஒரு காலத்தில் பன்றித்தொடை தொங்கிய கொளுக்கிகளில் இப்போது மை காயாத படங்கள் தொங்கின. சனிக்கிழமை காலைகளில் வகுப்பு நடக்கும்.

சீடரின் பெயர் தவராசா. முப்பத்து நாலு வருடம் ஒரு பெரிய ஹோட்டல் குசினியில் மரக்கறி அலங்காரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். கரட்டில் ரோசாப்பூ வெட்டுவார். முள்ளங்கியில் அன்னம் வெட்டுவார். தர்ப்பூசணியில் மணப்பெண் முகம் வெட்டி, அந்த மணப்பெண்ணிடமே கைதட்டு வாங்கியவர். பென்சன் எடுத்த பிறகு அந்தக் கை சும்மா இருக்கவில்லை. மனைவி மங்களத்தின் அடுப்படிக்குள் நுழைந்து, வெங்காயம் இப்படியா அரிவது என்று பரிசோதனை நடத்தத் தொடங்கியது. மூன்றாம் மாதம் மங்களம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எங்கையாவது போய் எதையாவது வெட்டுங்கோ. என்னை விடுங்கோ."

இப்படித்தான் அவருக்குக் கலை வாய்த்தது.

முதல் இரண்டு மாதத்தில் அவர் ஒரு தாமரை வெட்டினார், ஒரு மயில் வெட்டினார், கோபுரம் ஒன்றைச் சிலை சிலையாக வெட்டினார். கூடப் படித்த ஜேர்மன்காரர் சுற்றி நின்று வியந்தார்கள். ரீச்சர் மட்டும் வாயே திறக்கவில்லை. அவருக்குப் பொறுக்கவில்லை.

"ரீச்சர், நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?"

அவள் மயிலைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"சாப்பிடலாம்போலை கிடக்கு அங்கிள்."

பாராட்டு என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். வீட்டில் சொன்னபோது மங்களம் புரைக்கேறும்வரை சிரித்தாள். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சுருக்கென்றது.

பட்டறைச் சுவரில் சில படங்கள் சட்டம் போட்டுத் தொங்கின. நூறு வருடத்துக்கு முந்தின ஜேர்மன்காரர் வெட்டிய மரஅச்சுப் படங்களின் பிரதிகள். பெரிய சண்டையையும் பஞ்சத்தையும் கண்ட சனம். பிள்ளையை இறுக்கிப் பிடித்த ஒரு தாய், கை நீட்டும் ஒரு பிச்சைக்காரன், ஒருவன் தோளில் நண்பனைப்போலக் கை போட்டபடி நடக்கும் சாவு. படங்களில் இருந்த ஒருவருக்கும் பெயர் இல்லை. கோடுகள் கோடாலியால் கொத்தியதுபோல இருந்தன. தவராசாவுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அதிலும் சாக்கு சுமக்கும் ஒரு மூட்டைக்காரனின் படம் அவருடைய மேசைக்கு நேர் எதிரே இருந்தது. தலை நிமிரும்போதெல்லாம் அவன்தான் முன்னால் நின்றான்.

ஒருநாள் கேட்டே விட்டார்.

"ரீச்சர், இந்த ஆளை வெட்டினவருக்குப் படம் கீறத் தெரியாதோ?"

"நல்லாத் தெரியும். வடிவாக் கீறின படங்களும் கிடக்கு."

"அப்ப ஏன் இந்தக் கோலம்? ஒரு கை கிழங்குக் கூடை அளவு. மற்றக் கை இருக்கிற இடமே தெரியேல்லை."

"எந்தக் கை பெரிசு?"

"சாக்கைப் பிடிச்சிருக்கிற கை."

"மற்றக் கையிலை என்ன கிடக்கு?"

"ஒண்டும் இல்லை."

ரீச்சர் மை உருளையைக் கழுவப் போய்விட்டாள்.  தவராசா தன் மயிலிடம் திரும்பிப் போனார்.

இந்த நிலையில்தான் ஊரிலிருந்து அக்கா தொலைபேசியில் வந்தா.

பறுவதம் அக்காவுக்கு எழுபத்து நாலு வயது. சாவகச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிறா. சண்டைக்கால இடப்பெயர்வில் எரிந்த பழைய வீட்டின் காணியில் மகன் புது வீடு கட்டியிருந்தான்.

"தம்பி, நடு அறையிலை அம்மான்ரை படம் மாட்டியாச்சு. அடையாள அட்டையிலை இருந்து பெருப்பிச்சது. ஐயான்ரை ஒரு படமும் இல்லை. இருந்த ஒண்டும் வீட்டோடை எரிஞ்சு போச்சு. பக்கத்துச் சுவர் வெறுஞ்சுவராக் கிடக்கு."

"ம்."

"நீ இப்ப படம் கீறுறியாமே. மங்களம் சொன்னவ. ஐயாவைக் கீறி அனுப்பு. ஆவணியிலை திவசம் வருது, அதுக்கு முதல் மாட்டோணும். நீ அவரின்ரை ஒரே ஆம்பிளைப் பிள்ளை. உனக்கு ஐயான்ரை முகம் கண்ணுக்குள்ளை நிக்கும்."

"ஓமக்கா," என்றார் தவராசா.

தொலைபேசியை வைத்துவிட்டுக் கண்ணை மூடிப் பார்த்தார். கண்ணுக்குள் ஒன்றும் நிற்கவில்லை.

ஐயாவின் வெற்றிலைக் காவி படிந்த பற்கள் ஞாபகம் வந்தன. சந்தையில் மூட்டை தூக்கித் தூக்கிப் பதிந்துபோன வலது தோள் ஞாபகம் வந்தது. இருமல் சத்தம்கூடக் கேட்டது. முகம் மட்டும் வரவில்லை. பெற்ற தகப்பனின் முகம் மறந்துபோனது என்று யாரிடம் சொல்வது? மங்களத்திடம்கூடச் சொல்லவில்லை. வெட்கம் அவரைத் தின்றது.

மறுநாள் அக்காவையே நைசாகக் கேட்டுப் பார்த்தார்.

"அக்கா, ஐயான்ரை மூக்கு எப்பிடி?"

"இதென்ன கேள்வி? மூக்கு மாதிரித்தான்."

அதற்கு மேல் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். பேச்சை மாற்றிவிட்டார்.

வழவழப்பான விலை உயர்ந்த பலகை ஒன்றை வாங்கினார். குசினியில் வைத்திருந்த தன் சின்னக் கத்திகளைத் தீட்டி எடுத்தார். முதலில் வெட்டிய முகம் பழைய படத்துக் கதாநாயகன்போல வந்தது. இரண்டாவது முகத்தில் சாந்தம் வழிந்தது. சந்தையில் தூசண வார்த்தைகளால் ஆட்களை ஓட ஓட விரட்டிய ஐயாவுக்கும் அந்தச் சாந்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூன்றாவதுக்கு ஒரு யுக்தி செய்தார். சின்ன வயதில் எல்லாரும் அவரை "தேப்பனை உரிச்சு வைச்சிருக்கிறான்" என்பார்கள். ஆகவே கண்ணாடியை முன்னால் வைத்துத் தன் முகத்தையே வெட்டி, மூக்கின் கீழே ஒரு பெரிய மீசையை ஒட்டினார். அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் மங்களத்திடம் காட்டினார்.

"இது ஆர் சொல்லு பாப்பம்?"

"இதென்ன கேள்வி? நீங்கள்தான். மீசை மட்டும் புதுசு."

ஆறு கிழமை போய்விட்டது. அக்கா இரண்டு தரம் கேட்டுவிட்டா. அடுத்த சனிக்கிழமை அவர் நேரத்தோடு பட்டறைக்குப் போனார். வேறு யாரும் வந்திருக்கவில்லை. ரீச்சர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ரீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்கோ."

"மறந்துபோன முகத்தை எப்பிடி வெட்டுறது?"

அவள் யாருடைய முகம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மழுப்பியிருப்பார். தேநீரை அவர் பக்கம் தள்ளினாள்.

"மறந்ததை ஏன் வெட்டுறியள்? மறக்காதது என்ன இருக்கு?"

தவராசா தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி இருந்தார். தேநீர் ஆறி ஆடை படிந்தது.

"முதுகு," என்றார் கடைசியில்.

பிறகு சொன்னார். அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கொழும்புக்குப் போய் அங்கிருந்து விமானம் ஏற வேண்டும். ஐயா அவருடைய பெட்டியைத் தலையில் வைத்துச் சாவகச்சேரி பஸ் நிலையத்துக்குத் தூக்கி வந்தார். அக்காவும் வந்தா. வழி முழுக்க ஐயா ஒரு கதை கதைக்கவில்லை. பெட்டியை பஸ்ஸுக்குள் ஏற்றினார். இறங்கினார். போயிட்டு வா என்றுகூடச் சொல்லாமல் திரும்பி நடந்தார்.

"நான் யன்னலாலை பாத்துக்கொண்டிருந்தனான் ரீச்சர். இப்ப திரும்புவார், இப்ப திரும்புவார் எண்டு. பஸ் ஸ்ராட் பண்ணுமட்டும் பாத்தனான். முதுகுதான் போகுது. பேந்து எனக்குப் பாக்கேலாமப் போச்சு, குனிஞ்சிட்டன். பத்து வருசத்திலை அவர் செத்துப்போனார். எனக்குப் போக வழி இல்லை. முப்பத்தொன்பது வருசமா அந்த முதுகுதான் என்னட்டைக் கிடக்கு."

"வடிவா ஞாபகம் இருக்கோ?"

"ஒவ்வொரு எலும்பும்."

"அப்ப ஆறு கிழமையா எதுக்கு முகம் வெட்டினியள்?"

"முதுகை ஆர் சுவரிலை மாட்டுவினம் ரீச்சர்?"

ரீச்சர் எழுந்தாள். அவருடைய வழவழப்பான பலகையை எடுத்தாள். தீட்டி வைத்த சின்னக் கத்திகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். எல்லாவற்றையும் கொண்டுபோய், இறைச்சிக்கடைக்காரன் விட்டுப்போன பெரிய குளிரறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டினாள். திறப்பைத் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டாள். தவராசா பார்த்துக்கொண்டே நின்றார். முப்பத்து நாலு வருடச் சம்பாத்தியம் உள்ளே போனதுபோல அவருக்கு இருந்தது.

பின்வாசலில் பாரம் ஏற்றும் மரத்தட்டு ஒன்று உடைந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு பலகையைக் கழற்றி வந்து மேசையில் போட்டாள். முடிச்சும் வெடிப்பும் ஆணித் துளையுமாக இருந்தது. பக்கத்தில் ஒரேயொரு அகன்ற உளியை வைத்தாள்.

"இதை உரஞ்ச வேண்டாமோ ரீச்சர்?"

"உங்கடை ஐயான்ரை முதுகு வழவழப்பாவோ இருந்தது?"

அவர் உளியை எடுத்தார்.

அகன்ற உளிக்குக் கரட் பூ தெரியாது. ஒரு தள்ளுக்கு ஒரு பெரிய சிராய் எழும்பி வந்தது. மரம் ஒரு பக்கம் இழுத்தது, கை ஒரு பக்கம் இழுத்தது. முடிச்சு வந்த இடத்தில் உளி நின்றுவிட்டது. அவர் அதைச் சுற்றிப் போனார். வியர்த்துக் கொட்டியது. மற்ற மாணவர்கள் வந்தார்கள், தங்கள் வேலையைச் செய்தார்கள், மத்தியானம் போனார்கள். அவர் நிமிரவில்லை. கழுத்து வந்தது. முதுகெலும்பு வந்தது. மூட்டை தின்ற வலது தோளைப் பதித்து வெட்டினார். ஐயா இடுப்பில் மடித்துக் கட்டிய சாரத்தையும் வெட்டினார்.

ஐயா ஒருக்கால் திரும்பியிருக்கலாமே என்று நினைத்தார். ஒரேயொருக்கால். கழுத்தைக் கொஞ்சம் திருப்ப என்ன செலவு?

உளி பறந்தது. தோளிலிருந்து இடுப்புவரை ஒரு நீளக் கிழிசல் விழுந்தது.

"ஐயோ, பழுதாக்கிப்போட்டன்!" அவர் பதறி எழுந்தார். "ரீச்சர், மரத்தூளும் பசையும் தாங்கோ. அடைச்சுப்போட்டு உரஞ்சினால் தெரியாது."

ரீச்சர் வந்து குனிந்து பார்த்தாள்.

"எப்பிடி வழுக்கினது?"

"கோபம் வந்திட்டுது. திரும்பாமப் போனார் எண்டது நினைவு வந்தது. கை தன்ரை பாட்டிலை..."

"அப்ப அது வழுக்கினது இல்லை."

பசை அவள் தரவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. கண்ணீர் வந்தது. அறுபத்தொரு வயது மனுசன் இறைச்சிக்கடைக்குள் நின்று அழுவது அவருக்கே ஒரு மாதிரித்தான் இருந்தது. சட்டைக் கையால் துடைத்துவிட்டு மிச்சத்தையும் வெட்டினார்.

அச்செடுக்கும்போது ரீச்சர் கூட நின்றாள். உருளையால் கறுப்பு மை பூசினார்கள். மேலே தாளை விரித்தார்கள். மரக் கரண்டியின் முதுகால் தவராசா தேய்த்தார். தோளில், இடுப்பில், அந்தக் கிழிசலின் ஓரத்தில், ஒரு இடம் விடாமல் அழுத்தித் தேய்த்தார். நோயாளிக்கு எண்ணெய் பூசுவதுபோல அவருடைய கை தானாகவே மெதுவாகிவிட்டது. பிறகு தாளின் ஒரு மூலையைப் பிடித்து உரித்தார்.

ஒரு மனுசன் போய்க்கொண்டிருந்தான். முகம் இல்லை. பலகையின் ரேகைகள் அவன் உடம்பு முழுக்க ஓடின. ஆணித் துளைகள் வெள்ளையாக நின்றன. அந்தக் கிழிசல் அவனை இரண்டாகப் பிளந்திருந்தது. ஆனாலும் அவன் நடந்தான்.

தவராசா நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"ரீச்சர், தோள் மாறிப்போச்சு!"

பலகையில் வலப்பக்கம் வெட்டுவது தாளில் இடப்பக்கம் வரும். அச்சுக்கலையின் முதல் நாள் பாடம் அது. முதல் நாள் வந்த பொடியளும் அறிவார்கள். கண்ணாடி வைத்துத் திருப்பிக் கீறிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அவர் இன்றைக்கு ஒன்றும் கீறவில்லை. கண்ணுக்குள் நின்றதை அப்படியே வெட்டியிருந்தார்.

"வலது தோள் எல்லோ பதிஞ்சது. இதிலை இடது தோள் பதிஞ்சு கிடக்கு. அக்கா உடனை கண்டுபிடிச்சிடுவா."

"கண்டுபிடிக்கட்டும்."

"பிழை எண்டு சொல்லுவா ரீச்சர்."

"தோள் மாறிப்போச்சு எண்டு அக்கா சொன்னால், அக்காவுக்கு ஆளைத் தெரிஞ்சிட்டுது எண்டுதானே அர்த்தம்?"

தவராசா அன்றைக்குப் போகும்போது அந்த மூட்டைக்காரன் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பெரிய கையைப் பார்த்தார். 

வீட்டில் மங்களம் படத்தைக் கண்டதும் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"இது ஐயாவோ?"

"ஓம்."

"முகம் எங்கை?"

"இல்லை."

"உங்களுக்கென்ன விசரோ? திவசத்துக்கு மாட்டுற படம். முதுகுக்கு எங்கை பொட்டு வைக்கிறது? மாலையை எந்தப் பக்கத்தாலை போடுறது? சனம் சிரிக்குமப்பா."

"எனக்கு ஐயான்ரை முகம் மறந்துபோச்சு மங்களம்."

சொன்னபிறகுதான் சொல்லிவிட்டார் என்பது அவருக்கே தெரிந்தது.  மங்களம் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அடுப்பில் ஏதோ அடிப்பிடித்த மணம் வந்தது. அவள் எழும்பவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவளே ஒரு மட்டைக் குழாய் தேடி எடுத்து, படத்தைச் சுருட்டி உள்ளே வைத்து விலாசம் எழுதினாள்.

படம் போய்ச் சேர மூன்று கிழமை ஆனது. அந்த மூன்று கிழமையும் தவராசா தொலைபேசி அடித்தால் மங்களத்தை எடுக்கச் சொன்னார்.  தகப்பனைக் கேட்டால் முதுகை அனுப்பியிருக்கிறான் என்று அக்கா ஊர் முழுக்கச் சொல்லுவாவோ? திவசத்துக்கு முதல் நாள் அக்கா எடுத்தா. மங்களம் கதைத்துவிட்டு, தொலைபேசியை அவர் காதிலேயே வைத்துவிட்டாள்.

"தம்பி, படம் வந்தது."

"ம்."

"தோளை மாத்தி வெட்டிப்போட்டாய். ஐயாவுக்கு வலதெல்லே பதிஞ்சது."

தவராசாவுக்கு மூச்சு வந்தது.

"ஓமக்கா. பிழை விட்டிட்டன்."

"பரவாயில்லை. நான் பொட்டை அந்தப் பதிஞ்ச தோளிலைதான் வைச்சனான். மாலையும் போட்டாச்சு. மகன் கேட்டவன், இதென்ன முகமில்லாத படம் எண்டு. வாயை மூடடா, உன்ரை தாத்தா போறார், எண்டு சொன்னனான்."

அவர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். 

"தம்பி, இது பஸ் நிலையத்திலை எல்லே?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அண்டைக்குக் கட்டின சாரம். சந்தைக்குப் போகேக்கை அப்பிடி மடிச்சுக் கட்டமாட்டார்." அக்கா ஒரு தரம் செருமினா. "எல்லாம் சரிதான். ஆனா நீ அவர் திரும்பினதையும் வெட்டியிருக்கலாம்."

"என்ன சொல்லுறியள்?"

"திரும்பினவரடா. பஸ் வெளிக்கிட்ட சத்தம் கேட்டவுடனை திரும்பினவர். பஸ் போய் மறையுமட்டும் நடுறோட்டிலை நிண்டு பாத்தவர். கார்க்காரன் ஒருத்தன் ஏசிப்போட்டுப் போனான். நீ உள்ளுக்கை குனிஞ்சு இருந்தாய். உன்ரை தலை தெரியேல்லை. பெடியன் ஒருக்காலும் எட்டிப் பாக்கேல்லை எண்டு வீட்டை வருமட்டும் சொல்லிக்கொண்டு வந்தவர்."

"இதை ஏன் அக்கா நீங்கள் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ ஒருநாளும் கேக்கேல்லையே."

அடுத்த சனிக்கிழமை தவராசா பட்டறைக்குப் போனார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேரே போய், ஐயாவை வெட்டிய பலகையைத் தட்டிலிருந்து இழுத்து எடுத்து, ரீச்சரின் மேசையில் வைத்தார். மை காய்ந்து கறுத்துக் கிடந்தது.

அக்கா சொன்னதை அவர் சொன்னார். நின்றுகொண்டே சொன்னார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. ரீச்சர் கையிலிருந்த துணியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நான் வெட்டினது பொய்யாப் போச்சு ரீச்சர். முப்பத்தொன்பது வருசமா அந்த மனுசனோடை கோவிச்சுக்கொண்டு இருந்திட்டன். இந்தக் கிழிசலும் பொய். இதை எரிச்சுவிடட்டே?"

"நீங்கள் கண்டதைத்தானே வெட்டினியள்?"

"ஓம்."

"அக்கா கண்டது?"

"அது... மற்றப் பக்கம்."

ரீச்சர் பலகையை இரண்டு கையாலும் தூக்கினாள். புரட்டினாள். மை படாத, உளி படாத வெறும் மரத்தை மேலே போட்டு, அகன்ற உளியை அதன்மேல் வைத்தாள்.

தவராசா அதைத் தொடவில்லை.

"நான் அந்த முகத்தைக் காணேல்லையே ரீச்சர். குனிஞ்சிருந்திட்டன். காணாத முகத்தை எப்பிடி வெட்டுறது?"

"அது பஸ்ஸைப் பாத்துக்கொண்டு நிண்ட முகம் அங்கிள்," என்றாள் அவள். "பஸ்ஸுக்குள்ளை ஆர் இருந்தது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."